அமெரிக்காவில் கார் இன்ஷூரன்ஸும் கிரெடிட் ஸ்கோரும்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு செய்முறை

ஊரில் பல வருடம் ஒரு கீறல்கூட விழாமல் கார் ஓட்டியிருப்பீர்கள். அமெரிக்கா வந்து லைசென்ஸ் எடுத்து, கார் பார்த்து, இன்ஷூரன்ஸுக்குக் கோட் (எவ்வளவு ஆகும் என்ற விலை மதிப்பீடு) கேட்டால் வருகிற தொகை மலைக்க வைக்கும். வயது, ஜிப் கோடு, கார் மாடல், அமெரிக்க லைசென்ஸ் வாங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பதெல்லாம் இதற்குக் காரணம்தான். அவற்றோடு புதிதாக வருபவர்கள் கவனிக்காமல் விடுகிற இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் உங்கள் கிரெடிட் வரலாற்றையும் பார்த்துத்தான் விலை போடுகின்றன. இந்தியாவில் சிபில் ஸ்கோர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது இங்கே கணக்கில் வராது.

படி 1: உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள்

எல்லா மாநிலத்திலும் ஒரே விதி இல்லை. கலிபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸ் மூன்றிலும் கார் இன்ஷூரன்ஸ் விலைக்குக் கிரெடிட்டைப் பயன்படுத்த முடியாது. கலிபோர்னியாவில் 1988-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 103-ஆம் முன்மொழிவு, ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவு, வருடத்தில் ஓட்டும் மைல், ஓட்டிய அனுபவம் ஆகிய மூன்றுக்கும் முதலிடம் கொடுக்கிறது. சான் ஹோசேவில் இருப்பவர் இந்தக் கவலையை விட்டுவிடலாம். டெக்சஸிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர் விட முடியாது. மேரிலாந்து நடுவில் நிற்கிறது: புதிய பாலிசிக்குக் கிரெடிட்டைப் பார்க்கலாம், ரினிவலில் விலையை ஏற்ற அதைக் காரணமாக்க முடியாது. உங்கள் மாநில இன்ஷூரன்ஸ் துறையின் இணையதளத்தில் பத்து நிமிடம் செலவிட்டால் இது தெரிந்துவிடும்.

படி 2: அது எந்த ஸ்கோர் என்று புரிந்துகொள்ளுங்கள்

வங்கி ஆப்பில் தெரிகிற எண்ணை இவர்கள் அப்படியே எடுப்பதில்லை. ஃபைகோ, லெக்சிஸ்நெக்சிஸ் போன்ற நிறுவனங்கள் அதே கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து 'இன்ஷூரன்ஸ் ஸ்கோர்' என்று தனியாக ஒன்றைக் கணக்கிடுகின்றன. வங்கி ஸ்கோர், நீங்கள் கடனைக் கட்டுவீர்களா என்று பார்க்கிறது. இன்ஷூரன்ஸ் ஸ்கோர், நீங்கள் க்ளெயிம் கேட்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கிறது. ஃபைகோவின் கணக்கில் பில்களை நேரத்தில் கட்டியதற்கு ஏறத்தாழ 40 சதவீதம், பாக்கிக் கடனுக்கு 30, வரலாற்றின் நீளத்துக்கு 15, புதுக் கடன் தேடியதற்கு 10, கடன் வகைகளின் கலவைக்கு 5. உங்கள் சம்பளம் இதில் இல்லை.

கடனை ஒழுங்காகக் கட்டுவதற்கும் வண்டியை ஒழுங்காக ஓட்டுவதற்கும் என்ன தொடர்பு? அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2007-ல் இதை ஆராய்ந்து, ஸ்கோர் குறைந்தவர்களுக்கான க்ளெயிம் செலவு சராசரியாக அதிகம் என்றது. கறுப்பின, ஹிஸ்பானிக் மக்கள் குறைந்த ஸ்கோர் பக்கத்தில் அதிகமாக இருக்கிறார்கள் என்பதையும் அதே அறிக்கை சொன்னது. சராசரி என்ன சொன்னாலும், நோயாலோ வேலை போனதாலோ கடன் தவறியவரிடம் கார் ஓட்டவும் கூடுதல் காசு வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. சட்டம் மாறும்வரை, அது நமக்குத் தருகிற உரிமைகளையாவது முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

படி 3: ரிப்போர்ட்டை எடுத்து வரி வரியாகப் படியுங்கள்

கிரெடிட் வரலாற்றைத் திரட்டி வைக்கும் நிறுவனங்களான கிரெடிட் பீரோக்கள் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றின் ரிப்போர்ட்டையும் 'ஆன்யுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம்' தளத்தில் வாரம் ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். நம் ஊர்க்காரர்கள் முதலில் பெயரைத்தான் பார்க்க வேண்டும். இனிஷியல், அப்பா பெயர், கடைசிப் பெயர் எல்லாம் இடம் மாறி, ஒருவருடைய கணக்கு இரண்டு பெயர்களில் சிதறிக் கிடக்கலாம். வேறு யாருடைய கணக்காவது உங்கள் பெயரில் வந்து சேர்ந்திருக்கலாம். தவறு இருந்தால் அந்த பீரோவிடமே எழுத்தில் முறையிடுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் விசாரித்தாக வேண்டும்.

அப்படியே லெக்சிஸ்நெக்சிஸிடம் 'க்ளூ' ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பழைய க்ளெயிம்கள் இருக்கும். அதுவும் இலவசம்தான்.

படி 4: பயப்படாமல் நிறைய கோட் வாங்குங்கள்

கோட் கேட்டால் ஸ்கோர் இறங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இறங்காது. இன்ஷூரன்ஸுக்காகப் பார்ப்பது, ஸ்கோரைத் தொடாத 'சாஃப்ட் இன்கொயரி'. குறைந்தது நான்கைந்து கம்பெனிகளிடம் ஒரே கவரேஜ், ஒரே டிடக்டிபிள் (க்ளெயிமில் நீங்கள் கையிலிருந்து கட்டும் பங்கு) சொல்லிக் கேளுங்கள். கிரெடிட் வரலாறே இல்லாதவரை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. பல மாநிலச் சட்டங்கள், வரலாறு இல்லாததை அப்படியே மோசமான வரலாறாக எடுத்துக்கொள்ளக் கட்டுப்பாடு விதிக்கின்றன. ஆகவே "எனக்குக் கிரெடிட் வரலாறு இல்லை, அதை எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்று ஏஜென்ட்டிடம் நேராகக் கேளுங்கள். இந்தியாவில் ஓட்டிய அனுபவத்தைச் சேர்ப்பீர்களா என்றும் கேளுங்கள்.

படி 5: 'அட்வர்ஸ் ஆக்‌ஷன்' கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

கிரெடிட் ரிப்போர்ட்டால் உங்களுக்கு விலை கூடியிருந்தால், அதைக் கம்பெனி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். 1970-ஆம் ஆண்டின் ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டம் இதைக் கட்டாயமாக்குகிறது. முதல் பாலிசிக்குச் சொல்லும் விலைக்கும் இது பொருந்தும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எந்த பீரோவின் ரிப்போர்ட் என்பது கடிதத்தில் இருக்கும். 60 நாளுக்குள் கேட்டால் அந்த ரிப்போர்ட் இலவசம்.

ரிப்போர்ட்டில் இருந்த தவறு திருத்தப்பட்டுவிட்டால், மறுபடி கணக்கிடச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுங்கள். பல மாநிலங்களில் அதிகமாக வாங்கிய பணத்தையும் திருப்பித் தர வேண்டும். கடும் நோய், குடும்பத்தில் மரணம், விவாகரத்து, வேலை இழப்பு, அடையாளத் திருட்டு போன்றவற்றால் கிரெடிட் கெட்டிருந்தால் விதிவிலக்குக் கேட்கவும் பல மாநிலங்களில் வழி உண்டு. கேட்காதவருக்கு இதை யாரும் தானாகத் தருவதில்லை. எழுத்தில் கேளுங்கள், ஆதாரத்தை இணையுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: வரலாற்றைத் தொடங்குங்கள், ரினிவலில் மறுபடி பேசுங்கள்

டெபாசிட் கட்டி வாங்கும் செக்யூர்டு கிரெடிட் கார்டு ஒன்று போதும். மளிகைக்கு மட்டும் பயன்படுத்தி, ஆட்டோபே போட்டு மாதாமாதம் முழுதாகக் கட்டிவிடுங்கள். லிமிட்டில் சிறு பங்குக்கு மேல் போக வேண்டாம். இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைச் சரியாகக் கட்டுவது பொதுவாக ரிப்போர்ட்டில் ஏறாது, அதனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

பாலிசி பெரும்பாலும் 6 மாதமோ ஒரு வருடமோ ஓடும். முடிவதற்கு ஒரு மாதம் முன்பு புது ஸ்கோரை வைத்து மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள், வெளியிலும் கோட் கேளுங்கள். கம்பெனி மாறுவதானால், புதிய பாலிசி தொடங்கும் தேதியை உறுதிசெய்த பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் அடுத்த கம்பெனி அதையே காரணம் காட்டி விலையை ஏற்றலாம்.