செம்பட்டை ஆன பிரவுன் முடிக்குக் கலர் ஷாம்பு: நான் சொதப்பியதும் பிறகு சரிவந்ததும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் சலூனில் போட்ட சாக்லெட் பிரவுன், தைப்பூசத்துக்குள் செம்பட்டை ஆகிவிட்டது. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் பால்குடம் பார்க்க வெயிலில் நின்றபோது எடுத்த படத்தில் என் தலை தேங்காய் நார் மாதிரி இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்னடி, தலைக்கு எண்ணெயே வைக்கிறதில்லையா?" என்றார். கலர் போட்டதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. அந்த எண்ணெய்ப் பேச்சைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

மறுபடி சலூனுக்குப் போனால் நூறு வெள்ளிக்கு மேல் ஆகும். அதனால்தான் கலர் ஷாம்புவில் இறங்கினேன். இரண்டு முறை சொதப்பி, மூன்றாவது முறை சரியாக வந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் கருப்பு முடியில் பிரவுன் தெரிய வேண்டுமென்றால், சலூனில் பெராக்சைடு போட்டு உள்ளே இருக்கும் கருப்பு நிறமியைக் கொஞ்சம் வெளுக்கிறார்கள். கருப்பு போனால் அடியில் இருப்பது ஆரஞ்சும் சிவப்பும்தான். அதன்மேல் பிரவுனை ஏற்றுகிறார்கள். இந்த ஊர் வியர்வைக்குத் தினமும் தலைக்குக் குளிக்காமல் முடியுமா? குளிக்கக் குளிக்கப் பிரவுன் கரைந்து, அடியில் கிடந்த ஆரஞ்சு வெளியே வந்துவிடும். கலர் ஷாம்பு செய்வது, முடியின் மேல்தோலில் மெல்லிசாக மறுபடி ஒரு சாயப் பூச்சு. அதில் பெராக்சைடு கிடையாது, அதனால் முடியை வெளுக்காது. உங்கள் முடி இதுவரை கலரே படாத கருப்பு என்றால் ஒன்றும் தெரியாது, காசை மிச்சம் பிடியுங்கள்.

முதல் படி: சரியான பாட்டில்

கடையில் இந்த வரிசையில் மூன்று நிறம் இருக்கும். ஊதா, வெளுத்த பொன்னிற முடியில் வரும் மஞ்சளை அடக்கும். நமக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. நீலம், ஆரஞ்சை அடக்கும். பிரவுன், போன நிறத்தைத் திரும்ப ஏற்றும். முடி இன்னும் நல்ல பிரவுனாக இருந்து வெயிலில் மட்டும் ஆரஞ்சு அடித்தால் நீலம் போதும். என்னுடையதைப் போல மொத்தமாக மங்கிப் போயிருந்தால் பிரவுன்தான். அதிலும் செம்பு, கேரமல் என்று எழுதியதை எடுக்காதீர்கள், செம்பட்டைக்கு மேல் செம்பட்டைதான் சேரும். சாம்பல் சாயல் கலந்த பிரவுனைத் தேடுங்கள்.

இன்னொரு குழப்பம்தான் ஆபத்தானது. சிராங்கூன் ரோட்டுப் பக்கக் கடைகளில், ஐந்தே நிமிடத்தில் நரை மறையும் என்று சின்னப் பாக்கெட்டில் விற்பதற்கும் ஷாம்பு என்றுதான் பெயர். அது ஷாம்பு வேஷம் போட்ட டை. இரண்டு திரவங்களைக் கலக்கச் சொன்னாலோ, பின்பக்கம் பிபிடி என்றோ ஃபீனைலின்டையமின் என்றோ எழுதியிருந்தாலோ, அது நிரந்தரச் சாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிபிடி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நெற்றியும் இமையும் வீங்கிவிடும். கையில் கருப்பு மருதாணி போட்டு எப்போதாவது அரித்திருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம், பெரும்பாலும் அதிலும் இருப்பது இதேதான். நிறம் ஏற்றும் ஷாம்புவில் வழக்கமாக பேசிக் பிரவுன் 16, பேசிக் ரெட் 76 மாதிரிப் பெயர்கள் இருக்கும்.

இரண்டாம் படி: தோல் சோதனை

முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: முந்தின நாள் எண்ணெய் வேண்டாம்

முதல் சொதப்பல் இங்கேதான். சனிக்கிழமை ராத்திரி அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தைப்பூசப் படத்தைப் பார்த்த ஆற்றாமையில் உட்கார வைத்து, அரை கிண்ணம் நல்லெண்ணெயைத் தலையில் வழித்துவிட்டார். ஞாயிறு காலை ஒரு தடவை ஷாம்பு போட்டு அலசிவிட்டு மேலேயே கலர் ஷாம்புவையும் போட்டேன். காதோரம் நிறம் பிடித்தது, உச்சியில் துளிகூட இல்லை. எண்ணெய்ப் படலம் இருக்கும் இடத்தில் சாயம் ஒட்டாது. சிலிகான் சீரம், தேங்காய்ப்பால் கண்டிஷனர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கலர் ஷாம்பு போடும் நாளில் முதலில் சாதா ஷாம்புவால் இரண்டு தடவை அலசுங்கள். கண்டிஷனர் கடைசியில்.

நான்காம் படி: தண்ணீரை ஒட்டப் பிழியுங்கள்

பாட்டிலில் 'ஈரமான முடியில் தடவவும்' என்று ஒரே வரிதான் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு ஈரம்? இரண்டாவது முறை என்னைக் கவிழ்த்தது இதுதான். ஷவரை மூடிய கையோடு, தண்ணீர் சொட்டச் சொட்டத் தடவினேன். இடுப்பு வரை இருக்கும் முடி குடிக்கும் தண்ணீர் கொஞ்சநஞ்சமா? ஷாம்பு நீர்த்து, காபி நுரை மாதிரி முதுகில் வழிந்து, நேராகத் தரைக்குப் போனது. முடியில் ஒன்றுமில்லை. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் இருந்த வெள்ளைப் பூச்சுதான் அழகான சாக்லெட் பிரவுன் ஆனது. சாயத்துக்கு அதுவும் ஒரு முடி மாதிரிதான் போல.

சரியான முறை இது. அலசிய முடியை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழாகக் கையால் பிழியுங்கள். பிறகு பழைய பருத்தி டிஷர்ட்டால் சுற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். டவலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்: முடியைச் சிக்காக்கும், கறையும் படியும். கறை படிந்த டவலை மூங்கில் கழியில் காயப்போட்டால் எதிர் புளோக் வரை தெரியும். டிஷர்ட்டை எடுத்தபின் ஒரு கற்றையை விரலால் அழுத்துங்கள். ஈரம் தெரிய வேண்டும், சொட்டு விழக்கூடாது. இந்தப் பதத்துக்கு வராமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: தடவுவது, காத்திருப்பது, அலசுவது

கையுறை போடுங்கள், இல்லையென்றால் திங்கட்கிழமை ஆபீஸில் நகக்கண் காட்டிக்கொடுக்கும். நெற்றி ஓரம், காது, கழுத்தில் வாஸ்லின் தடவுங்கள், முடியில் படாமல். நடுத்தண்டிலிருந்து தொடங்கி வேர்ப் பக்கம் போய், நுனியைக் கடைசியில் முடியுங்கள். நுனி பழைய முடி, துளைகள் அதிகம், சாயத்தை உறிஞ்சிவிடும். முதலில் தடவினால் நுனி மட்டும் கருத்துப்போகும். அகலப் பல் சீப்பால் ஒரு தடவை வாரிவிடுங்கள். முதல் முறை மூன்று நிமிடம் போதும். போதவில்லை என்று தோன்றினால் அடுத்த முறை ஐந்து. அரை மணி நேரம் ஊற வைத்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று என் தோழி சொன்னாள், நான் கேட்கவில்லை. பாட்டிலில் சொன்ன நேரத்தைத் தாண்டாதீர்கள்.

பிறகு வெந்நீர் வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும். தண்ணீர் தெளியும்வரை அலசி, கண்டிஷனர் போட்டு முடியுங்கள். வாரம் ஒரு தடவை போதும், மற்ற நாட்களில் சல்ஃபேட் இல்லாத சாதா ஷாம்பு. தரையில் தெறித்ததை உடனே துடையுங்கள். இடுக்கில் ஏறிவிட்டால், இடத்தை நன்றாகக் கழுவிவிட்டுப் பிளீச்சில் நனைத்த டிஷ்யூவை வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், ஹைலைட் போட்ட கற்றைகள் மட்டும் கரும்பிரவுன் ஆகிவிட்டதாக எழுதியிருந்தார். பிளீச் பட்ட முடி அப்படித்தான் குடிக்கும். பயப்பட வேண்டாம், பொடுகு ஷாம்புவால் இரண்டு மூன்று முறை அலசினால் ஓரளவு இறங்கும். இந்தச் சாயம் பெரும்பாலும் மேலேதான் தங்கும், ஆனால் பிளீச் பட்ட முடியில் கொஞ்சம் உள்ளேயும் போகலாம்.

இன்னொரு பின்சேர்க்கை: விஷயம் தெரிந்தபின் அம்மா பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய காதோர நரையில் லேசான தேன் நிறம் வந்தது, மறையவில்லை. நரையை மூட இது ஆகாது. ஆனால் அவருக்கு அந்தத் தேன் நிறம் பிடித்துவிட்டது. பாட்டில் இன்னும் திரும்பி வரவில்லை.

நீச்சல்குளம் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். போகலாம், ஆனால் குளத்துக் குளோரின் இந்தப் பூச்சைச் சீக்கிரம் உரித்துவிடும். இறங்குமுன் முடியைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக நனைத்து, கொஞ்சம் கண்டிஷனர் தடவி, தொப்பிக்குள் கட்டிக்கொள்ளுங்கள். கலர் ஷாம்பு போட்ட அன்றே போகாதீர்கள். ஈரத்தலையோடு வெள்ளைத் தலையணையில் படுக்கவும் வேண்டாம். எனக்கு ஒரு உறை போயிற்று.