இடது கையைப் பந்து எறியப் பழக்குவது எப்படி

காட்பாடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் சொல்லிக் கொடுக்கிறேன். போன வருஷம் ஒரு மாணவி வலது மணிக்கட்டு உடைந்து, மாவுக்கட்டோடு மைதானத்து ஓரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு டோனி முல்லேனைப் பற்றிச் சொன்னேன். 1859இல் அயர்லாந்தின் கார்க் ஊரில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்கா போனவர். வலது கை பிட்சர், அதாவது பேட்டருக்குப் பந்து எறிபவர். அந்தக் கையில் காயம் பட்டதும் இடது கையால் எறியப் பழகிக்கொண்டார். 1882 ஜூலை 18 அன்று, லூயிவில் அணிக்காக பால்டிமோருக்கு எதிரே, ஒரே ஆட்டத்தில் இரண்டு கையாலும் பந்து போட்டார். ஆட்ட வாழ்க்கை முழுக்க, அவர் பந்து போட்டு அணி ஜெயித்ததாக அவர் கணக்கில் 284 வெற்றிகள்.

“அப்ப நானும் போடறேன் சார்” என்றாள். கட்டுப் பிரித்து, டாக்டர் சரி என்ற பிறகு ஆரம்பித்தோம்.

முதலில் டென்னிஸ் பந்து போதும். முட்டி போட்டு உட்கார்ந்து, ஐந்தடி தூரத்துச் சுவரில் எறியுங்கள். முழங்கை தோள் உயரத்துக்கு வரட்டும். இரண்டு விரல் பந்தின் மேலே, கட்டை விரல் கீழே. ஒரு நாளைக்கு இருபது எறிதல், அவ்வளவுதான். தோளில் வலி தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

அப்புறம் எழுந்து நிற்கலாம். தவறு கையில் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை காலில்தான் இருக்கிறது. இடது கையால் எறிய வலது கால் முன்னே போக வேண்டும். பழக்கதோஷத்தில் இடது காலே போகும். இதற்காகத்தான் வெயில் ஏறுமுன் பாலாற்றுக்குக் கூட்டிப் போவேன். வறண்ட மணலில் காலடி அப்படியே பதியும். எறிந்துவிட்டுக் குனிந்து பாருங்கள்: பெருவிரல் குறி நேரே இலக்கைப் பார்க்கிறதா, பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா? அவளுடைய தடம் மூன்று வாரம் ஆற்றுப்பாலத்துப் பக்கமே திரும்பியிருந்தது. தடம் நேரானதும் பந்தும் நேரானது. மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

கால் பழகிய பிறகு உண்மையான பேஸ்பால் பந்தைக் கொடுங்கள். எடை சுமார் 145 கிராம். முல்லேன் கையுறை இல்லாமல், பந்தை இரண்டு கையாலும் மார்புக்கு நேரே பிடித்து நிற்பார். எந்தக் கை வரும் என்று பேட்டருக்குத் தெரியாது. இன்றைய விதியில் அது நடக்காது, கையை முன்பே காட்டிவிட வேண்டும். ஆனால் பயிற்சியில் அப்படி நின்று, நான் “இடது” என்றோ “வலது” என்றோ சொன்ன பிறகு எறியச் சொல்கிறேன். கால் குழம்பினால் மறுபடி மணலுக்குப் போகிறோம்.