மின்தடைக்குப் பின் கணினியைச் சோதிக்கும் முறை

மின்தடைக்குப் பிறகு கணினி இயங்கவில்லை என்றால், பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாமல், முதலில் மின்வடத்தைக் கழற்றிவிட வேண்டும். பெட்டியைத் திறந்து, கருகல் வாடை வீசுகிறதா, மதர்போர்டில் (பாகங்களை இணைக்கும் முதன்மைப் பலகை) உள்ள மின்தேக்கிகளின் (சிறு உருளை வடிவப் பாகங்கள்) தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான பவர் சப்ளையின் உறையை மட்டும் திறக்கவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கலாம்.

பவர் சப்ளை பழுதாகியிருக்கலாம் என்பதால், அதை நல்ல மதர்போர்டில் பொருத்திச் சோதிப்பது இன்னொரு பாகத்தையும் பலி கொடுப்பதில் முடியலாம். ஆகவே, அதைத் தனியே கழற்றி, 24 முனை இணைப்பானின் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் சிறு கம்பித்துண்டால் இணைத்த பிறகே மின்சாரம் கொடுத்து, மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரையும் மல்டிமீட்டர் (மின்னளவுக் கருவி) காட்டுகிறதா என்று பார்க்கலாம். அளவு பிசகினால் பவர் சப்ளையை மாற்றிவிடுவதே நல்லது. சரியாக இருந்தால், அதனுடன் மதர்போர்டு, செயலி, ஒரே ஒரு ரேம் (நினைவகப் பலகை) ஆகியவற்றை மட்டும் இணைத்துச் சோதனையைத் தொடங்குங்கள். தரவுள்ள ஹார்ட் டிஸ்கைக் கடைசியில் இணைக்கலாம்.