பழைய தொலைபேசிச் சேனல்களை எஸ்.டி.எம் கணக்குக்கு மாற்றுவது எப்படி?

எஸ்.டி.எம்-1 என்ற பெரிய தொலைத்தொடர்பு இணைப்பின் வேகம் விநாடிக்கு 155.52 மெகாபிட். 30 பேச்சுச் சேனல்களைச் சுமக்கும் இ-1 என்ற சிறிய இணைப்பின் வேகம் 2.048 மெகாபிட். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 75.9 வரும். அதைப் பார்த்துவிட்டு, ஓர் எஸ்.டி.எம்-1 இணைப்பில் 75 இ-1 ஏற்றலாம் என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை 63. தொலைத்தொடர்பு டிப்ளமோ முடித்து நேர்காணலுக்குத் தயாராகும் நம் ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும், எக்ஸ்சேஞ்சுகளின் பழைய பதிவேடுகளை வைத்துக் கணக்குப் போடுபவர்களுக்கும் இந்தப் பதிவு. மீதமுள்ள 12 எங்கே போயிற்று என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

முதல் படி உங்களுக்குத் தெரிந்ததுதான். குரலை விநாடிக்கு 8000 முறை மாதிரி எடுத்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக எழுதினால் ஒரு சேனலுக்கு 64 கிலோபிட். அப்படி 32 காலத்துண்டுகள் சேர்ந்தது ஓர் இ-1. அதில் பூஜ்ஜியமாவது துண்டு சட்டக (ஃபிரேம்) ஒத்திசைவுக்கும், 16ஆவது சிக்னலிங்குக்கும் (அழைப்பை இணைக்க, துண்டிக்க உதவும் தகவல்) போக, பேச்சுக்கு 30 மிஞ்சும்.

இரண்டாவது படி, சேனல்களை இ-1 ஆக்குவது. உதாரணத்துக்கு, ராமநாதபுரத்திலிருந்து மண்டபத்துக்கு 240, பாம்பனுக்கு 110, ராமேஸ்வரத்துக்கு 610 சேனல்கள் தேவை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 960, 30ஆல் வகுத்தால் 32 என்று முடித்துவிடாதீர்கள். ஒவ்வோர் ஊரையும் தனியாக வகுத்து, ஒவ்வொன்றையும் மேல்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும்: மண்டபம் 8, பாம்பன் 4, ராமேஸ்வரம் 21. ஆக 33. பாம்பனின் கடைசி இ-1இல் காலியாக இருக்கும் இடம் ராமேஸ்வரத்துக்கு உதவாது. இந்த ஒன்றே ஒன்று பின்னால் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது படியில்தான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். மீன் பெட்டியில் ஐஸுக்கும் இடம் விட்டே ஆக வேண்டும், இங்கேயும் அப்படித்தான். எஸ்.டி.எம்-1 சட்டகம் 9 வரிசை, 270 நெடுவரிசை கொண்டது. விநாடிக்கு 8000 சட்டகங்கள் போகின்றன. ஒரு சட்டகத்தில் ஓர் இ-1க்கு 32 பைட் தரவு உண்டு. ஆனால் அது டி.யூ-12 என்ற உறைக்குள் போகும்போது 4 நெடுவரிசை, அதாவது 36 பைட் பிடித்துக்கொள்கிறது. கூடுதல் 4 பைட், இணைப்பைக் கண்காணிக்கவும் கடிகார வேறுபாட்டைச் சரிக்கட்டவும்தான். இப்படி 63 இ-1 சேர்ந்தால் 252 நெடுவரிசை. மேல்நிலைத் தகவலுக்கு 9, பாதைத் தகவலுக்கு 1, வெற்று நிரப்பலுக்கு 8 சேர்த்தால் சரியாக 270. காகிதத்தில் ஒருமுறை கட்டம் போட்டுக் கூட்டிப் பாருங்கள், பிறகு மறக்கவே மறக்காது.

அடுக்கும் விதம் 3 × 7 × 3. மூன்று டி.யூ-12 சேர்ந்த தொகுப்பு ஒரு டக்-2 (டி.யூ.ஜி-2). ஏழு டக்-2 சேர்ந்தது ஒரு டக்-3. மூன்று டக்-3 சேர்ந்தால் எஸ்.டி.எம்-1 நிறைந்துவிடும். பேச்சுச் சேனலாகச் சொன்னால் 63 × 30 = 1890. இதற்கு மேலே கவலையே இல்லை: எஸ்.டி.எம்-4க்கு 252, எஸ்.டி.எம்-16க்கு 1008 இ-1, நான்கு நான்காகப் பெருக்கினால் போதும்.

நம் உதாரணத்தில் 33 போக 30 இ-1 காலி. ஆனால் பழைய 34 மெகாபிட் இ-3 கருவியை அப்படியே வைத்துக்கொண்டு ஏற்றினால் கதை மாறிவிடும். ஓர் இ-3இல் 16 இ-1தான். ஆனால் அது ஒரு முழு டக்-3ஐ எடுத்துக்கொள்ளும். 32 என்றால் இரண்டு இ-3 போதும். நமக்கோ 33, ஆகவே மூன்றாவது இ-3 வேண்டும். ஓர் இ-1க்காக எஸ்.டி.எம்-1 முழுவதும் தீர்ந்துபோகும். அந்த 33ஆவதை மட்டும் டி.யூ-12ஆக ஏற்றினால் மூன்றாவது டக்-3இல் இன்னும் 20 இடம் இருக்கும்.

இணையத்தில் கிடைக்கும் அலகு மாற்றிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை வகுத்துத் தருமே தவிர உறையின் இடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. எக்செல் தாளில் ஊருக்கு ஒரு வரி போட்டு, ‘ரவுண்டப்’ சூத்திரம் எழுதுங்கள்.

பின்சேர்க்கை: கணக்கு சரியாக வந்தும் 33ஆவது இ-1 மட்டும் மறுமுனையில் வரவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். எண் வரிசையைப் பாருங்கள். 63 இடங்களுக்கு எண் கொடுக்கும் முறை கருவிக்குக் கருவி மாறும். டக்-3, டக்-2, டி.யூ-12 என்ற வரிசையில் எழுதினால், ஒரு முறையில் 33 என்பது 2.4.3, இன்னொரு முறையில் அதே 33 என்பது 3.4.2. இரு முனைகளிலும் வேறு வேறு நிறுவனக் கருவிகள் இருந்தால் 33 என்று போனில் சொல்லாதீர்கள். மூன்று இலக்கத்தையும் படித்துக் காட்டச் சொல்லி ஒப்பிடுங்கள்.

இன்னொன்று: சிக்னலிங்குக்கு எஸ்.எஸ்.7 (அழைப்புத் தகவலைத் தனி வழியில் அனுப்பும் முறை) பயன்படுத்தினால் 16ஆவது துண்டிலும் பேச்சை ஏற்றி 31 ஆக்கலாமே என்று கேட்கிறார்கள். சிக்னலிங் வேறு இ-1 வழியாகப் போகும் இடங்களில் ஏற்றலாம். ஆனாலும் திட்டமிடும்போது 30 என்றே வையுங்கள்.