சென்னைப் புறநகரில் குடியேற ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வேலைக்காகச் சென்னைக்கு வருபவர்களில் பலர், வாடகை கட்டுப்படியாகிறதா, அறைகள் காற்றோட்டமாக இருக்கின்றனவா என்று பார்த்து முன்பணம் கொடுத்த பிறகுதான் ஊரைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே என் கருத்து. வீட்டின் குறையை ஓரளவு சரிசெய்துகொள்ளலாம். ஊரின் தண்ணீரையும் தாழ்வான தரையையும் தூரத்தையும் குடியிருக்க வருகிற ஒருவரால் மாற்ற முடியாது.

முதற்படி: தடத்தை முடிவு செய்யுங்கள்

நாள்தோறும் போக வேண்டிய இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு நேரடியாகச் செல்லும் ரயில் தடத்தைக் கண்டுபிடியுங்கள். கிண்டி, எழும்பூர், பாரிமுனைப் பக்கம் வேலை என்றால் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில் தடத்திலுள்ள பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி போன்றவை பொருந்தும். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குச் செல்பவர்கள் சென்ட்ரல்–அரக்கோணம் தடத்தில் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் பார்க்கலாம். தாம்பரத்தைத் தாண்டினால் வாடகை குறைகிறது. ஆனால் பல ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடுவதால் அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கும் நேரமும் கூடுகிறது. அதேவேளை, தாம்பரத்திலிருந்தே புறப்படும் வண்டியில் காலையில் உட்கார இடம் கிடைப்பது, இத்தனை தூரம் தினமும் போய்வருபவருக்குச் சிறிய வசதியன்று. பழைய மகாபலிபுரம் சாலையில், பறக்கும் ரயில் செல்லும் திருவான்மியூர், தரமணிப் பக்கத்தைத் தாண்டிப் பணிபுரிபவர்களுக்கு அருகில் மின்சார ரயில் கிடையாது. மெட்ரோ வரப்போகிறது என்பதற்காக இன்றே கூடுதல் வாடகை கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: பயணத்தைச் செய்து பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகும்போது சாலை காலியாக இருக்கும். அந்தக் கணக்கு உதவாது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தத் தெருவிலிருந்து கிளம்பி, ஷேர் ஆட்டோவுக்கு நிற்பது, நடைமேடைப் படிக்கட்டு, இறங்கிய பின் நடப்பது எல்லாவற்றையும் சேர்த்து நிமிடங்களை எழுதி வையுங்கள். மாலையில் திரும்பும் பயணத்தையும் அப்படியே கணக்கிடுங்கள்.

மூன்றாம் படி: இரண்டு தண்ணீரையும் விசாரியுங்கள்

இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். புழங்கும் தண்ணீர் ஒன்று, மழைத் தண்ணீர் மற்றொன்று. குழாயின் வாயிலும் வாளியின் விளிம்பிலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு நீர் என்று பொருள்; சோப்பு நுரைக்காது, பருப்பும் எளிதில் வேகாது. குழாய்நீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்க நேர்கிறதா, அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் அடங்குமா என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள்.

மழைத் தண்ணீரைப் பற்றித் தரகரிடம் கேட்டுப் பயனில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வெள்ளம் சூழ்ந்தது. ஆனால் ஒரே ஊரிலேயே ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு தப்பிக்கும். எனவே ஊர்ப்பெயரை வைத்து மட்டும் முடிவெடுக்காமல் தெருவை நடந்து பாருங்கள். சுற்றுச்சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கோடு, தலை உயரத்துக்கு ஏற்றி வைக்கப்பட்ட மின்மீட்டர், சாலையைவிடத் தாழ்ந்துபோன வாசற்படி ஆகியவை பேசாமலே பதில் சொல்லிவிடும். மேற்குத் தாம்பரத்தை அடுத்த ஒரு தெருவில் நான் விசாரித்தபோது, இஸ்திரி போடும் அம்மா எழுந்து வந்து தம் தோளுக்கு நேராகச் சுவரில் கையை வைத்து, “இதுவரைக்கும் வந்துச்சு சார்” என்றார். பத்து விளம்பரங்களில் கிடைக்காத தகவல் அது. தாங்கல், ஏரி, ஓடை என்று தெருப்பெயரிலோ நகர்ப்பெயரிலோ இருந்தால் கூடுதலாக விசாரியுங்கள். தாங்கல் என்பதே நீரைத் தாங்கி நிற்கும் சிறு ஏரிக்குப் பெயர்.

நான்காம் படி: உள்ளாட்சியும் கழிவுநீரும்

ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் மாநகராட்சிகளாயின. அதனாலேயே எல்லாத் தெருக்களுக்கும் பாதாளச் சாக்கடை வந்துவிட்டதாகக் கருத வேண்டாம். கழிவுநீர்த் தொட்டி இருந்தால், அதை எடுக்க எத்தனை நாளுக்கு ஒருமுறை லாரி வருகிறது, செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி, மருத்துவமனை, கடைத்தெரு ஆகியவற்றை ஒரு மாலை நடையிலேயே பார்த்துவிடலாம்.

ஐந்தாம் படி: வாங்குவதாக இருந்தால்

முதலில் அதே பகுதியில் வாடகைக்கு இருந்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான ஒரு வடகிழக்குப் பருவமழையையும் ஒரு கோடையையும் பார்த்துவிடுங்கள். பிறகு வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றோடு, அந்தப் புல எண்ணுக்குரிய ‘அ’ பதிவேட்டையும் (வருவாய்த் துறையின் நில விவரப் பதிவேடு) தமிழக அரசின் நில ஆவண இணையச் சேவையில் எடுத்து, நிலம் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று வழக்கறிஞரை வைத்துப் படித்துப் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது ஏரி, ஓடை போன்றவற்றுக்குரிய அரசு நிலம், என்று இருந்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.