முதல் கிடார்: நைலானா, ஸ்டீலா?

கிடார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதுமே யாராவது ஒருவர் "நைலான் ஸ்ட்ரிங் வாங்கு, விரல் வலிக்காது" என்பார். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் நைலான் வாங்கிவிடாதீர்கள். தினமும் வாசித்தால் விரல் வலி மூன்று நான்கு வாரத்தில் அடங்கிவிடும், கிடாரின் சத்தம் மாறவே மாறாது. உங்களுக்குப் பிடித்த சத்தம் எதில் வருகிறதோ அதை வாங்கினால்தான் மூன்றாவது மாதமும் அதைக் கையில் எடுப்பீர்கள்.

முதலில் ஒரு விஷயம். "இப்போதைக்கு நைலான் போட்டுக்கொள்கிறேன், பழகினதும் அதே கிடாரில் ஸ்டீல் மாட்டிக்கொள்கிறேன்" என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது, இரண்டும் வேறு வேறு கிடார். நைலான் செட்டில் ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 40 கிலோ, சாதாரண 12 சைஸ் (மிக மெல்லிய ஸ்ட்ரிங் 0.012 அங்குலத் தடிமன்) ஸ்டீல் செட்டில் அது 70 கிலோவைத் தாண்டும். நைலான் கட்டும் கிளாசிக்கல் கிடாரின் மேல்பலகை அந்த இழுப்புக்காகச் செய்யப்பட்டதல்ல, கழுத்துக்குள் இரும்புக் கம்பியும் பெரும்பாலும் இருக்காது. அதில் ஸ்டீல் மாட்டினால் கழுத்து வளையும், மேல்பலகையில் ஸ்ட்ரிங்கைப் பிடித்திருக்கும் மரத்துண்டான பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் ஸ்ட்ரிங்கைத் தேர்ந்தெடுப்பது என்றால் கிடாரையே தேர்ந்தெடுப்பதுதான்.

எது எது என்று கண்டுபிடிப்பது சுலபம். கிளாசிக்கல் கிடாரில் ஸ்ட்ரிங்கை பிரிட்ஜில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பார்கள், ஸ்டீல் கிடாரில் முனையில் சின்ன குண்டு வைத்து பின் குத்தியிருக்கும். தடித்த மூன்று ஸ்ட்ரிங் வெள்ளியாட்டம் பளபளக்கிறதே, அப்போது ஸ்டீல்தானே என்று குழம்ப வேண்டாம், நைலான் செட்டிலும் அந்த மூன்றும் நைலான் இழை மேல் உலோகம் சுற்றியவைதான். (நைலானே பின்னால் வந்தது. அதற்கு முன் விலங்குக் குடலில் செய்த நரம்பைத்தான் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது கிடைப்பது கஷ்டமாகிப் போக, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானில் செய்து பார்த்தார்.)

சரி, சத்தம். நீங்கள் வாசிக்க ஆசைப்படும் ஐந்து பாட்டை எழுதி, ஹெட்ஃபோன் போட்டு கிடாரை மட்டும் கவனித்துக் கேளுங்கள். உருண்டையாக, மென்மையாக, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக விரலால் மீட்டியது போல் கேட்டால் பெரும்பாலும் நைலான். பளிச்சென்று, ஜல் ஜல் என்று மொத்தமாக அடித்த மாதிரி கேட்டால் ஸ்டீல். காலேஜ் கல்ச்சுரல்ஸ், சர்ச் கொயர், நண்பர்களோடு உட்கார்ந்து பாடுவது, இதற்கெல்லாம் ஸ்டீல்தான் பொருந்தும், பிக் என்ற சின்னத் தகடை வைத்து எல்லா ஸ்ட்ரிங்கையும் சேர்த்து ஸ்ட்ரம் பண்ணினால் நைலானில் அந்த வீச்சு வராது. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிளாசிக்கல் கிடார் கிரேடு தேர்வு எழுதும் எண்ணமிருந்தால் யோசிக்கவே வேண்டாம், நைலான்.

கர்நாடக சங்கீதம் பாடத் தெரிந்து அதைக் கிடாரில் கொண்டுவர ஆசைப்படுகிறவர்களுக்கு ஸ்டீலைத்தான் சொல்வேன். கமகத்துக்கு ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும், அப்படி இழுத்தால் ஸ்டீலில் சுருதி நன்றாக ஏறும், நைலானில் கொஞ்சம்தான் ஏறும், நாதமும் சீக்கிரம் அடங்கிவிடும். கிடாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னா வாசிப்பது எலக்ட்ரிக் கிடார், அதிலும் உலோகக் கம்பிதான்.

இப்போது வலிக்கு வருவோம். ஸ்டீல் வலிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆரம்பத்தில் தாங்க முடியாமல் வலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்ட்ரிங் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ரொம்ப உயரத்தில் நிற்பதுதான், இதை ஆக்‌ஷன் என்பார்கள். 12வது ஃப்ரெட்டில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஸ்டீல் கிடாரில் தடித்த ஸ்ட்ரிங் பக்கம் இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருந்தால் அழுத்த சுகமாக இருக்கும். கிளாசிக்கலில் நான்கும் மூன்றும் வழக்கம். விலை குறைந்த கிடார்கள் பல இதைவிட உயரமாகத்தான் கடைக்கு வருகின்றன, அதனால் வாங்கும்போதே செட்டப் செய்து, அதாவது இந்த உயரத்தைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்தது ஸ்ட்ரிங்கின் தடிமன். 12 சைஸுக்குப் பதில் 10 சைஸ் செட் போட்டால் இழுப்பு நன்றாகவே குறையும். அதுவும் போதவில்லை என்றால் எல்லா ஸ்ட்ரிங்கையும் அரை ஸ்வரம் இறக்கி டியூன் செய்து முதல் ஃப்ரெட்டில் கேபோ (எல்லா ஸ்ட்ரிங்கையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) மாட்டிக்கொள்ளுங்கள், சுருதி பழையபடியே இருக்கும், கை லேசாகிவிடும். ஒரு நாளைக்கு ஒரே தடவையாக ஒரு மணி நேரம் வாசிக்காமல் கால் கால் மணி நேரமாகப் பிரித்து வாசியுங்கள். வீணை வாசிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், உலோகக் கம்பியில் இழைத்து இழைத்து அவர்கள் விரல் நுனி தானாகவே காய்த்திருக்கும்.

சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் இந்த வாதமெல்லாம் வேண்டாம். முக்கால் சைஸ், அரை சைஸ் நைலான் கிடாரே நல்லது.

கழுத்தின் அகலத்தையும் பாருங்கள். கிளாசிக்கலில் மேல்முனையில் சுமார் 52 மில்லிமீட்டர், ஸ்டீல் கிடாரில் 43 மில்லிமீட்டர். விரல் தடித்தவர்களுக்கு ஸ்டீல் கிடாரில் பக்கத்து ஸ்ட்ரிங்கும் சேர்ந்து அமுங்கிவிடும், சின்னக் கை உள்ளவர்களுக்கு நைலானில் ஒரே விரலைக் குறுக்கே வைத்து எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்தும் பார் கார்டு பிடிப்பது கஷ்டம். மௌண்ட் ரோடு மியூசி மியூசிக்கல் மாதிரி ஒரு கடைக்கு நேரில் போய் யமஹா சி40, எஃப்310 இரண்டையும் மடியில் வைத்துப் பாருங்கள். முதலாவது நைலான், இரண்டாவது ஸ்டீல், இரண்டுமே ஆரம்பத்துக்குத் தாராளம். கார்டு தெரியாவிட்டால் முதல் ஃப்ரெட்டில் ஆறு ஸ்ட்ரிங்கையும் ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டுங்கள். எது தெளிவாக ஒலிக்கிறது, எதற்கு அதிக பலம் தேவைப்படுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். கூடவே வாசிக்கத் தெரிந்த யாராவது வந்தால் அவரை வாசிக்கச் சொல்லி எதிரே நின்று கேளுங்கள்.

நம்ம ஊர் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் என்று கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டீல் ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், போதாததற்கு வியர்வை வேறு. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் துடையுங்கள், கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் மேல்பூச்சு உள்ள செட் வாங்குங்கள். வெறும் நைலான் துருப்பிடிக்காது, ஆனால் உலோகம் சுற்றிய மூன்றும் கறுத்து மங்கும். எந்த கிடாராக இருந்தாலும் மே மாத வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் எழும்பிவிடும். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்து உப்பி ஆக்‌ஷன் உயரலாம், உறைக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றிரண்டு போட்டு வையுங்கள்.

அப்புறம், புது நைலான் ஸ்ட்ரிங் மாட்டினால் முதல் சில நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். கிடாரில் கோளாறு என்று பயப்பட வேண்டாம், நைலான் நீண்டு நிலைக்க கிட்டத்தட்ட ஒரு வாரம் எடுக்கும், அதுவரை ஒவ்வொரு தடவையும் டியூனர் ஆப்பை வைத்துச் சரிசெய்துவிட்டு வாசியுங்கள். ஸ்டீல் ஓரிரு நாளில் நின்றுவிடும்.