ஹீட்டர் வால்வை மாற்றப் போய் ஹீட்டர் கோரை உடைக்காதீர்கள்

காருக்குள் வரும் காற்றைச் சூடாக்க, டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாகி இந்தக் கோருக்குள் போவதைத் திறந்து மூடுவது ஹீட்டர் வால்வு. இன்ஜினிலிருந்து கோருக்குப் போகும் ஹோஸின் நடுவில், பெரும்பாலும் ஃபயர்வாலை (இன்ஜின் அறைக்கும் காரின் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகடு) ஒட்டி இந்த வால்வு இருக்கும். இரண்டு கிளாம்பைத் தளர்த்தி, பழையதை உருவி, புதியதைச் செருகினால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். அவசரத்தில் இழுக்கும் ஒரு இழுப்பில் ஹீட்டர் கோரின் பைப் உடைந்தால், பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரும்.

முதலில், பழுது வால்வில்தானா? எல்லா கார்களிலும் இந்த வால்வு கிடையாது. பலவற்றில் கூலன்ட் எந்நேரமும் கோருக்குள் ஓடும். சூட்டைக் கூட்டிக் குறைப்பது உள்ளே சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் பிளெண்ட் டோர் என்ற சிறு கதவுதான். வால்வு உள்ள காரில் இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஹீட்டரின் சூட்டைக் கூட்டும் நாப்பை முழு ஹாட்டில் வையுங்கள். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு ஹோஸைத் தொட்டுப் பாருங்கள் (ரேடியேட்டர் ஃபேன் அப்போதும் திடீரென்று சுற்றலாம், கை ஜாக்கிரதை). வால்வுக்கு முன்னால் சூடாகவும் பின்னால் சில்லென்றும் இருந்தால் வால்வு திறக்கவில்லை, அல்லது கோர் அடைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் கூலன்ட் குறைவு, ஏர் லாக் (உள்ளே காற்று அடைத்துக்கொள்வது), திறந்தபடியே நின்றுபோன தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குக் கூலன்ட் போவதைக் கட்டுப்படுத்தும் பாகம்) என்று வேறு பக்கம் தேடுங்கள். காருக்குள் இனிப்பு வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பான பனியும் வந்தால் கோர் கசிகிறது. வால்வை மாற்றிப் பயனில்லை.

வால்வை இயக்கும் பாகத்தைப் பார்க்காமல் வால்வைக் குறை சொல்வதும் அடிக்கடி நடக்கிறது. கேபிள் வகையில், ஒருவர் நாப்பைத் திருப்ப, இன்னொருவர் வால்வின் கை முழுதாக அசைகிறதா என்று பார்த்தால் போதும். வேக்யூம் வகையில் மெல்லிய ரப்பர் குழாய் வெடித்திருக்கும். அப்படியானால் பல கார்களில் வால்வு திறந்தே நின்று, ஏசி போட்டாலும் அனல் காற்று வரும். மின்சாரத்தில் இயங்கும் சொலினாய்டு வகையில் ஃபியூஸையும், கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தில், 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் கூலன்ட், மூடி தளர்ந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்தினால் தளர்வாக இருக்கும்வரை பொறுங்கள்.

இனிதான் வேலையின் முக்கியமான கட்டம். வருடக்கணக்கில் சூடுபட்ட ஹோஸ், பைப்போடு பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கும். கோரின் பைப்போ மெல்லிய அலுமினியம் அல்லது பித்தளை, சில கார்களில் பிளாஸ்டிக். பிளையரால் பிடித்துத் திருகினால் ஹோஸ் வருவதற்குள் பைப் நசுங்கிவிடும். ஹோஸைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். பைப் மேல் ஏறியிருக்கும் பகுதியை மட்டும் பிளேடால் நீளவாக்கில் 2 அல்லது 3 செ.மீ. கீறி, பட்டை உரிப்பதுபோல் பிரித்தெடுங்கள். பிளேடு ரப்பரின் முழு ஆழத்துக்கும் போக வேண்டாம். பைப்பில் நீளமாக ஒரு கோடு விழுந்தால் புது ஹோஸ் போட்டாலும் அந்தக் கோடு வழியே சொட்டும். உப்புப் பூத்திருந்தால் நைஸ் எமரி பேப்பரைப் பைப்பைச் சுற்றித் தேய்க்கவும், நீளவாக்கில் வேண்டாம். பழைய வால்வின் பிளாஸ்டிக் கழுத்து ஹோஸுக்குள் உடைந்து தங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் துண்டு கோருக்குள் போய் அடைத்துக்கொள்ளும். வால்வு மூப்படைந்திருந்தால் ஹோஸுக்கும் அதே வயதுதான், புதிதாகவே வாங்கிவிடுங்கள்.

புது வால்வில் கூலன்ட் ஓடும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதன்படியே பொருத்த வேண்டும். நான்கு வாய் வால்வு இருந்த இடத்தில் இரண்டு வாய் வால்வைப் போட்டுச் சமாளிப்பது தவறு. கோருக்குப் போகும் வழி மூடியிருக்கும்போதும் கூலன்ட் திரும்பிப் போக வழி வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நான்கு வாய். ஹோஸ் ஏற மறுத்தால் கூலன்ட்டையே தடவுங்கள். கிரீஸும் இன்ஜின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துவிடும். சீலன்ட் தேவையே இல்லை. கிளாம்ப், பைப்பின் விளிம்புமேட்டைத் தாண்டி உட்பக்கம் உட்கார வேண்டும். ஸ்க்ரூ கிளாம்பைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் பிளாஸ்டிக் கழுத்தில் மயிரிழை விரிசல் விழும், கசிவு அன்றே தெரியாது. அதனால் ஸ்பிரிங் கிளாம்ப் வந்த இடத்தில் ஸ்பிரிங் கிளாம்பே நல்லது.

கேபிள் வகையில் நாப்பை முழு கோல்டில் வைத்து, வால்வை முழுதாக மூடிய பிறகே கேபிள் உறையைக் கிளிப்பில் மாட்டுங்கள்.

கூலன்ட் ஊற்றும்போது நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். ஒரே பச்சையில் வேறுவேறு வகைகள் வருகின்றன. காரின் கையேடு சொல்லும் வகைதான் கணக்கு. அடர் கூலன்ட் என்றால் டிஸ்டில்ட் வாட்டரோடு சரிபாதி. நாப் முழு ஹாட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வால்வு மூடியிருந்து கோரில் காற்று தங்கிவிடும். காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூ இருந்தால் குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை திறந்து வையுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு, நன்றாக ஆறிய பிறகு அளவைப் பார்த்து மறுபடி ஊற்றுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் சலசலவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் காற்று இன்னும் போகவில்லை.

கீழே சிந்திய கூலன்ட்டை உடனே துடைத்துவிடுங்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், இனிப்புச் சுவை தெரியாத பூனையும் நக்கலாம். கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து.